பொட்டைக் குட்டி கேட்டு வந்தவர்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி, வாடகை மனையில் நாய்க் காப்பகம் நடத்துகிறேன். குட்டி கேட்டு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஆண் குட்டிதான். பெண் குட்டிகள் மிச்சமாகி, வளர்ந்து, எங்களிடமே தங்கிவிடும். அதனால் போன வருடம் ஒருவர், நான் கேட்டைத் திறப்பதற்கு முன்பே "மேடம், பொட்டக் குட்டி எதுனா கீதா?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ நெருடியது.

ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டை. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிரில் பட்டறை, பம்மலில் வாடகை வீடு, தனி ஆள் என்று சொன்னார்.

"ஏன் பொட்டைதான் வேணும்ங்கறீங்க?"

"ஆம்பள நாய் ஊர் சுத்தும் மேடம். ரெண்டு வளத்தேன். ரெண்டும் எஸ்டேட் ரோட்ல லாரில அடிபட்டுப் போச்சு."

பதில் சரியாகத்தான் இருந்தது. தயார் செய்துகொண்டு வந்ததைப் போல அத்தனை சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெண் குட்டியை வாங்கிப்போய், ஜாதி நாயோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளை விற்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பம்மல் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். வேறு நாய் இல்லை. காது மட்டும் கறுப்பாக இருந்த வெள்ளைக் குட்டி ஒன்றை அரை மனதாகக் கொடுத்தேன்.

சில மாதங்களில் திரும்பி வந்தார். "இன்னொரு பொட்டக் குட்டி வேணும் மேடம்."

"முதல் குட்டி எப்படி இருக்கு?"

"நல்லா கீது."

"போட்டோ காட்டுங்க."

"பட்டன் போனு மேடம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் சொல்லாமல் பம்மலுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "நாயா? அது வந்த வாரமே எங்கியோ தூக்கினு போய்ட்டாரே!"

ஸ்கூட்டரைத் திருப்பினேன். திருமுடிவாக்கம் வரை, அவரைக் கேட்கப்போகிற கேள்விகளை வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். பட்டறையில் அவர் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"குட்டி எங்க? வித்துட்டீங்களா?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கோச்சுக்காதீங்க மேடம். ஹவுஸ் ஓனரு நாய் வைக்கக் கூடாதுன்ட்டாரு. சொன்னா நீங்க தூக்கினு போயிடுவீங்கன்னு பயந்துகினு..." என்று சொல்லி எதிரே இருந்த டீக்கடையைக் கை காட்டினார்.

பெஞ்சுக்கு அடியில் அதே கறுப்புக் காது. பாதி நாயாக வளர்ந்திருந்தது. நான் கிட்டே போனதும் கடைக்காரப் பெண் அதைத் தன் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரு நீங்க? இதுகிட்ட இன்னா வேலை உங்களுக்கு?"

வெல்டிங்காரரை நான் பார்த்தது போலவேதான் அந்தப் பெண்ணும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் யாரென்று சொன்ன பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. பட்டறையில் விட்ட குட்டி பகலெல்லாம் கடையிலேயே கிடந்து, இப்போது ராத்திரி அந்தப் பெண்ணோடுதான் வீட்டுக்குப் போகிறதாம். "திருப்பில்லாம் தர முடியாது," என்றார்.

வெல்டிங்காரர் சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டார். அது வாலை ஆட்டியது. ஆனால் அந்தப் பெண்ணின் காலைவிட்டு நகரவில்லை. "பாத்தீங்களா மேடம்? அதான் எனக்குன்னு ஒண்ணு கேட்டேன்."

"ராத்திரி எங்க வச்சுக்குவீங்க?"

"இப்பல்லாம் பட்டறையிலயேதான் படுக்கறேன். வூட்டுக்குப் போயி யார் கூடப் பேசறது?"

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "குட்டி கிடையாது. வளர்ந்த பொட்டை ஒண்ணு இருக்கு, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சுது. வேணும்னா அதைத் தரேன்," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே கவனித்தேன். குட்டி போட்டு விற்கிற ஆளாக இருந்தால் அந்த இடத்தில் முகம் மாறும். அவர் பெஞ்சுக்கு அடியில் இருந்த கறுப்புக் காதைத் திரும்பிப் பார்த்தார். அதையும் சந்தேகப்பட்டேன்.

"பெரிசாயிடுச்சே மேடம். என்னாண்ட ஒட்டுமா அது?" என்றார்.

ஒட்டிக்கொண்டது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் சொல்லாமல்தான் பட்டறைக்குள் நுழைகிறேன். "இன்னா மேடம், செக்கிங்கா?" என்று சிரித்துக்கொண்டே எதிர்க் கடையில் டீ சொல்லுவார். போன வாரம் அந்த டீயைக் குடித்துக்கொண்டே தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. சங்கிலி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. நாயின் கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை.