பிளேன்டீயில் கழுவிய கண்

ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலம் கண்ணில் பட்டால் ஏராளமான தண்ணீரால் இடைவிடாமல் கழுவ வேண்டும். எங்கள் தோட்டத்து ஆலைச் சுவரில் இது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. தண்ணீர்தான் எந்த மொழியிலும் இல்லை. மின்வெட்டுக் காலம் அது. பம்பு ஓடாமல் தொட்டி காய்ந்து கிடந்தது.

அமிலம் கலக்கும் பெண் அன்று கலனைத் திறந்தபோது அவள் வலக்கண்ணில் அது தெறித்தது. "தண்ணி ஊத்துங்க ஐயா," என்று ஆலைப் பொறுப்பிலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணக்கெழுதும் கிளாக்கர் அமிலத்தை முறிக்கச் சோடா மா கரைத்து வர ஓடினார். கரைப்பதற்கும் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குப் பாதி வழியில் தோன்றியிருக்கும், நின்றுவிட்டார்.

பால் வெட்டும் பெண்கள் அப்போதுதான் ரப்பர் பால் வாளிகளோடு வந்தார்கள். அவர்களிடம் பால் சேர்க்காத தேநீர், ஆறிப்போன பிளேன்டீ, போத்தல்களில் இருந்தது.

"சீனி போட்டதுங்க ஐயா," என்றாள் ஒருத்தி.

"பரவாயில்ல, ஊத்து," என்றேன்.

சீனி கரைந்திருந்தாலும் அது தண்ணீர்தான்; அமிலத்தை நீர்க்கச் செய்து வெளியே கொண்டுவர அது போதும், அளவு இருந்தால். சாயம் அவள் கன்னத்தில் வழிந்தது. கடைசிப் போத்தலும் தீர்ந்தது.

"இன்னும் எரியுதுங்க," என்று இமையைத் தானே விரித்துப் பிடித்தபடி அடுத்த போத்தலுக்காக முகத்தை ஏந்தினாள். காலிப் போத்தலைக் கீழே வைத்தேன். லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின.