அம்மா கட்டிப்பிடித்த ஆள்

நேற்று லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பர்கர் வண்டியிலிருந்து வெங்காயம் பொரியும் வாசனை வந்தது. எண்பதுகளின் கடைசியில், மைதான வாசலில் இதே வாசனை வீசிய ஒரு மே மாத மாலை நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் ஃபுட்பால் அணிக்குச் சொந்த மைதானத்தில், மேல் டிவிஷனுக்குப் போவதற்கான ப்ளே-ஆஃப் ஆட்டம். தோற்றால் அந்த சீசனே முடிந்தது. என்னைத் தனியே விட மனமில்லாமல், அம்மாவும் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கட ஆக்கள் எந்தப் பக்கம் அடிக்க வேணும்?" என்று கேட்டார். காட்டினேன்.

கடைசி நிமிடத்தில் பந்து அந்தப் பக்க வலைக்குள் போனது. மைதானமே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் அந்நிய ஆண்களுக்குப் பக்கத்தில்கூட உட்காராத அம்மா, அருகில் நின்ற வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. அடுத்த மேட்ச் எப்ப?"