ஒரு தரம் பாய வேண்டிய தண்ணீர்

உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்கு அவனுக்குள் இருக்கும் ஒரு குறைதான் காரணம் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிவிட்டு, கையில் ஒட்டிய சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வருவேன். உதாரணத்துக்கு அரண்மனை வரை போகத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்தடியில் வயல் செய்துகொண்டு என் அண்ணன் இருந்தார்.

ஒரு வருடம், மழையில்லாத சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. எல்லோரும் மூன்று மாத நெல்லே விதைப்பது, இன்ன நாளோடு வாய்க்காலை மூடுவது என்று கமக்காரர்கள் விதைப்புக்கு முன் கூடும் கன்னக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அண்ணன் மட்டும் எழும்பி, "என்ட வயலுக்கு என்ன விதைக்கிறதெண்டு எனக்குத் தெரியும்" என்றார். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை என் மனைவியின் தமையன். "பிறகு தண்ணி கேட்டு வரப்படாது" என்றார் அவர். "உன்னிட்ட வந்து கேட்டா என்னை மனிசனெண்டு மதிக்காத" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மூன்றரை மாத நெல்லை விதைத்தார். முந்திய போகம் வெள்ளத்தோடு போயிருந்தது. இதுவும் போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

சொன்ன நாளில் வாய்க்காலை மூடினார்கள். அண்ணனின் கதிர் அப்போதுதான் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு தரம் தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துவிடும். வட்டவிதானை மச்சானுக்கே மனம் கேட்கவில்லை. "அவர் வரமாட்டார். அவருக்காக நீங்க வந்து ஒரு சொல் கேளுங்க, திறந்து விடுறன். ஆரும் கேளாம சும்மா திறந்தா மற்றவங்களுக்கு நான் என்ன சொல்ற?" என்றார் என்னிடம்.

நான் கேட்கவில்லை. அம்மாவின் திவசத்தில், பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், "கூத்துப் படிப்பிக்கிறதும் ஒரு உத்தியோகமா?" என்று அண்ணன் சிரித்தது எனக்கு ஆறவேயில்லை. முதலில் அவர் வாயால் என்னிடம் கேட்கட்டும் என்றிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே ஃபோன் எடுத்தார். "வட்டைக்கு ஒருக்கா வந்திட்டுப் போ."

வயலுக்குப் போனேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வரம்பில் நின்றபடி பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். மயில் வந்து கதிரைக் கொத்துகிறது என்றார்.

"வேற என்ன அண்ணன்?"

"வேற ஒண்டுமில்ல."

"அப்ப நான் வாறன்" என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். வீடு வரும்வரை எதையோ வென்றுவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். இப்போது அதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பயிர் முழுக்கப் பதராய்ப் போயிற்று. அந்த மாதம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அரசன் பிழை விடுறது பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் தெரியுந்தானே. அவங்க ஏன் ஒண்டும் செய்யல்ல?"

"அது சோதனைக்கு வராது" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அண்ணன் இப்போது கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் நிற்கிறார். ஐம்பத்தாறு வயதில், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கேற்றைத் திறந்து சலாம் போடுகிறாராம். அவரைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பி வந்த அன்று, அவர் மனைவி, என் மச்சாள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அண்டைக்கு உங்கள வட்டைக்குக் கூப்பிட்டதே கேட்கத்தான். எப்படிக் கேட்கிறதெண்டு விடியத்தில இருந்து என்னிட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தவர். நீங்க போனாப் பிறகு வந்து, 'அவன் அவசரமா நிண்டான், பாவம்' எண்டார்."

எனக்கு அன்றைக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.