மூன்றாவது ஃபிரெட்டுக்கு மேலே

அந்த வீட்டில் கார் ஷெட் என்று ஒன்று உண்டு. கார்தான் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வீட்டைக் கட்டியவர் ஏதோ நம்பிக்கையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதை வாங்கிய அப்பா தபால் நிலையத்தில் குமாஸ்தா. தன் சைக்கிளை ஷெட்டின் ஓரமாக நிறுத்திவிட்டு, மீதி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் யாரையோ ஏமாற்றிவிட்டவர் போலக் கொஞ்சம் கூச்சப்படுவார். அந்த மீதி இடத்தில்தான் இதுவரை நாற்பத்தொரு கிட்டார்கள் பிறந்திருக்கின்றன. பெற்றெடுத்தவர் அந்த அப்பாவின் மகன்; அவருக்கு ஒரு பாட்டுக்கூட முழுதாக வாசிக்க வராது.

தெருவில் அவரை எல்லோரும் மில்லி என்பார்கள். முதல் தடவை கேட்கிறவர்கள் வேறு ஏதோ திரவத்தை நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள். மனிதர் டீயைத் தவிர எதையும் தொடாதவர். மில்லிமீட்டரின் சுருக்கம் அது. சாப்பிட உட்கார்ந்தால், "தட்டை ஒரு ரெண்டு மில்லி இந்தப் பக்கம் தள்ளேன்" என்பார். படம் மாட்டிக் கொடுக்கப் போன வீட்டில் சுவரே கோணல் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, படத்தை மாட்டாமலே திரும்பி வந்த கதையும் உண்டு. வேலையும் அதற்கேற்றது. நிலம் அளக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிக்கு நடுவில் போய் நின்று, "உங்க வேலி ஒன்றரை அடி உள்ள வந்திருக்குங்க" என்று நிதானமாகச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்.

ஆனால் கிட்டார் அந்த வேலைக்கு முந்தையது. இருபத்து நான்கு வயதில் அவர் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட்டில் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு காகிதம். உள்ளே கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று காவலாளி பெருந்தன்மையாகச் சொன்னார். மற்றவர்கள் மின்விசிறி, நாற்காலி என்று தூக்கிக்கொண்டு போக, இவர் எடுத்தது இரண்டு. ஒன்று, வெளிநாட்டு மெஷின் வந்த பைன் மரப் பெட்டியின் பலகைகள். இன்னொன்று, ஒரு மீட்டர் நீள ஸ்டீல் ஸ்கேல். அதன் முனை மழுங்கியிருந்தது. கம்பெனி பியூன் பெயின்ட் டப்பா மூடியைத் திறப்பதே அதை வைத்துத்தான்.

அந்தப் பைன் பலகையை விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்றது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தொன்பது வயதுத் தங்கை அப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சிநேகிதியின் கிட்டாரை இரவல் வாங்கி வந்து, திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். "இரு, உனக்கு ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றார் அண்ணன். வேலை போனவன் வாயில் வரக்கூடிய வாக்கியம்தான். ஆனால் அவர் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சைக்கிளை எடுக்க வரும்போதெல்லாம் மரத்தூளைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார், சீட்டைக் கையால் தட்டித் துடைத்துக்கொண்டு போவார். ஒரு நாள் மட்டும் நின்று சொன்னார்: "ஒரு வருஷம் தர்றேன். அதுக்குள்ள இதுல இருந்து ஒரு சாமானாவது ஒழுங்கா வெளிய வரணும். வரலைன்னா எல்லாத்தையும் அடுப்புக்கு அனுப்பிட்டு வேற வழியைப் பாரு. சரியா?"

அந்த ஒரு வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மில்லியின் குரல் இன்றும் இளகிவிடும். பழைய தேக்கு மேசையை அறுத்துப் பக்கப் பலகைகள் எடுத்தது, அதை நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் வளைத்தபோது படீரென்று ஒடிந்தது, ஒன்றல்ல, நான்கு ஒடிந்தது, ஐந்தாவது வளைந்தபோது மத்தியானம் சாப்பிட மறந்து அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தகர டப்பாவில் வச்சிரப் பசை காய்ச்சினால் வீடு முழுக்க அந்த நாற்றம் பரவும். "என்னத்தடா வேக வைக்கிற, மாட்டுக் குளம்பையா?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். உண்மையில் ஏறக்குறைய அதுதான். தங்கை ஷெட் வாசலில் உட்கார்ந்து உப்புத்தாள் போடுவாள். போட்டுக்கொண்டே, "எனக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள முடிச்சிருவியா, இல்ல பேரப்பிள்ளைக்கா?" என்பாள்.

அளவில் அவர் எடுத்துக்கொண்ட கவனம் கொஞ்சநஞ்சமல்ல. கழுத்தின் குறுக்கே பதிக்கும் கம்பிகள், ஃபிரெட் என்பார்கள், அவை எங்கெங்கே வர வேண்டும் என்பதை இரவல் கிட்டாரின் மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து அச்சு எடுத்தார். காகிதம் அதற்கு மேல் எட்டவில்லை. எனவே கீழே தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு மட்டும் ஸ்கேல். முனை மழுங்கிய ஸ்கேலில் பூஜ்யத்தை நம்பக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்து, முடிவில் அந்த ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அளவு தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது. அளவு தெரியாதவனுக்கு இதில் வரக்கூடிய தவறு வரவே வராது. அவன் நேராக முனையை வைத்து அளந்து, அரை மில்லி பிசகோடு நிம்மதியாகப் போய்விடுவான்.

வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பிரிட்ஜை ஒட்டினார். கடைசி நாள் மாலை அப்பா கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை வாசித்தாள். எளிய பாட்டுகள், மூன்று நான்கு. கை கழுத்தின் ஆரம்பத்திலேயே, முதல் மூன்று ஃபிரெட்டுக்குள்ளேயே நின்றது. அப்பா கேட்டு முடித்து, எழுந்து, "பரவாயில்ல" என்றார். மறுநாள் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான், அது முழு ஷெட்டின் அளவு இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நேர்க்கோடு. நில அளவு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் புது ஸ்கேல் வந்தது. மாலைகளிலும் விடுமுறைகளிலும் ஒவ்வொன்றாகக் கிட்டார்கள் வந்தன. தங்கை கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனாள், சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சரானாள், அந்த முதல் கிட்டாரை வைத்தே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். எத்தனை வருடமானாலும் கை மூன்றாவது ஃபிரெட்டைத் தாண்டவில்லை. மில்லி அதைச் சும்மா விடுவாரா. கிட்டார் வாங்க வருகிறவர்களிடம், "நான் பத்தொன்பது ஃபிரெட்டு போடறேன். என் தங்கச்சிக்கு மூணு போதும். மிச்சம் பதினாறு சும்மா அழகுக்கு" என்பார். "மூணு ஃபிரெட்டு மகாராணி" என்று பட்டமும் கொடுத்தார். அவள் ஒரு தடவைகூட வாய் திறந்து எதிர்த்ததில்லை. மற்ற எல்லா விஷயத்துக்கும் திறப்பவள்.

முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்துக்குப் பின், அந்தக் கிட்டாரை அவள் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தாள். பிரிட்ஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "ஒட்டி வை, திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மில்லி சூடான கத்தியை விட்டுப் பிரிட்ஜை முழுசாகக் கழற்றினார். மறுபடி ஒட்டும் முன், காரணம் எதுவும் இல்லாமல், பழக்க தோஷத்தில் அளந்தார். கழுத்து நுனியிலிருந்து பிரிட்ஜ் இருந்த சுவடு வரை அறுபத்தைந்து சென்டிமீட்டர் வர வேண்டும். அறுபத்து நான்கு வந்தது. ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். வேறு ஸ்கேல் எடுத்தார். உள்ளே போய் மனைவியின் தையல் டேப்பைக் கேட்டார்.

"சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் அவள்.

"நீயே வந்து அளந்து பாரு."

அளந்தாள். "அறுபத்து நாலு. ஏன், என்னவாம்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றில் ஆரம்பித்திருக்கிறார், ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறார். பத்து மில்லி. பிரிட்ஜ் பத்து மில்லி முன்னால் வந்தால் முதல் இரண்டு மூன்று ஃபிரெட்டுகளில் யாருக்கும் தெரியாது. மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு, பாதி வழியில் காது கூசும். அவருக்கு வாசிக்க வராது, ஆனால் கணக்கு வரும். மனதுக்குள் போட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்துக் கிண்டல் முழுவதும் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? ஊரு வேலியெல்லாம் அளந்தவன், தங்கச்சி கிட்டாரைத் தப்பா அளந்துட்டேன்னா?"

"அப்படித்தான்."

அவர் அப்படிச் செய்யவில்லை. பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டால் சுவடு சுவட்டோடு பொருந்தும், ஒருவருக்கும் தெரியாது. சரியான இடத்துக்குத் தள்ளினால் முன்னால் விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை தெரியும், அவள் கேட்பாள். இப்படித் தனக்குச் சாதகமாக யோசித்துக்கொண்டே வந்தவருக்கு நடுவில் ஒரு உயர்ந்த காரணமும் கிடைத்தது. இத்தனை வருடம் கேட்டுப் பழகிய சத்தம். அப்பா "பரவாயில்ல" என்று சொன்ன சத்தம். அதைப் போய் மாற்றலாமா? கோழைத்தனத்துக்கு இவ்வளவு நல்ல உடுப்பு கிடைத்ததில் அவருக்கே கண் கலங்கியது. சனிக்கிழமை மத்தியானம் வச்சிரத்தைக் காய்ச்சினார்.

நாற்றம் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். தங்கை வந்துவிட்டாள். கிட்டாரின் மேல் பென்சிலில் போட்ட இரண்டு கோடுகளைப் பார்த்தாள். ஒன்று பழைய இடம், ஒன்று சரியான இடம். இரண்டையும் அழிக்காமல் வைத்திருந்தது அவருடைய நேர்மையா மறதியா என்பது அவருக்கே தெரியாது.

"எதுல ஒட்டப்போற?" என்றாள்.

"பழைய இடத்துலதான். எதுக்கு மாத்தணும்."

அவள் மரத்தூளைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பத்து மில்லி பின்னால தள்ளி ஒட்டு."

மில்லி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ தந்தி போட்டுக் குடுத்த அன்னிக்கே. ஏழாவது ஃபிரெட்டுல கைய வச்சேன். பூனை வால மிதிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் நீ இல்லாதப்ப அளந்து பாத்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அப்பா மறுநாள் கேக்கறேன்னு சொல்லிட்டார். நீ ஒரு வாரமா சரியாத் தூங்கலை. கதவோரமா நின்னுட்டிருந்த பாரு, அந்த மூஞ்சியப் பாத்துட்டு மேல போக எனக்கு மனசு வரலை. கீழயே வாசிச்சு முடிச்சிட்டேன்."

"சரி, அப்பா 'பரவாயில்ல'ன்னு சொன்னப்புறமாவது?"

"அதுக்குள்ள நீ எனக்குப் பட்டம் குடுத்துட்டியே. அதுக்கப்புறம் கிட்டார்ல தப்புன்னு சொன்னா, வாசிக்கத் தெரியாம சமாளிக்கிறேன்னுதானே சொல்லியிருப்ப?"

சொல்லியிருப்பார். அதில் சந்தேகமே இல்லை. அவர் வேறு வழியில்லாமல் தன் உயர்ந்த காரணத்தை எடுத்து நீட்டினார். "இல்ல, அது அப்பா கேட்ட சத்தம். மாத்திட்டா அது வேற கிட்டார் ஆயிடும்னு பாத்தேன்."

"அண்ணா, அப்பா கேட்டது அரை மணி நேரம். நான் முப்பத்திரண்டு வருஷம் கேட்டுட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை, மிச்சம் வைத்த வேலையைப் பற்றிப் பேசுகிற குரல். "நீ பாட்டுக்கு உருகிட்டிருக்க. எனக்கு வயசு அம்பத்திரண்டு. மிச்சப் பதினாறையும் எப்பத்தான் பாக்கறது? தள்ளி ஒட்டு."

ஒட்டினார். அவளே ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நம்பிக்கை இல்லை என்பதை மறைக்க அவள் சிரமப்படவில்லை. கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டார்கள். வெளுத்த பட்டையை நினைவுக்காக அப்படியே விடலாமா என்று அவர் கேட்டார். "பல்லு விழுந்த மாதிரி இருக்கு, மூடு" என்றாள். கறுப்பு மரத்தில் மெல்லிய பட்டை இழைத்துப் பதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தந்தி ஏற்றிச் சுருதி சேர்த்தாள். பழகிய பாட்டொன்றைப் பழைய இடத்திலேயே வாசித்தாள். அச்சு அசல் அப்படியே இருந்தது. அவர் உருகியதெல்லாம் வீண். பிறகு அவள் கை மெதுவாக மேலே நகர்ந்தது. ஐந்து. ஏழு. ஏழில் மொட்டென்று ஒரு அசிங்கமான சத்தம்.

மில்லியின் கை ஸ்கேலைத் தேடியது. தங்கை குனிந்து தன் விரலைப் பார்த்தாள்.

"இது நீ இல்ல. நான். கம்பி மேலயே விரலை வச்சிட்டேன்." சொந்தமாக ஒரு தப்பு வாங்கிவிட்டவளைப் போல அதைச் சொன்னாள். மறுபடி வைத்தாள். சுத்தமாக வந்தது. அடுத்ததில் மறுபடி மொட்டென்றது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "யாரு வாசிக்கிறது? நல்லாவே இல்லையே."

"நான்தான் அண்ணி. இனிமே கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "வீட்டுல இப்படி வாசிச்சா அவரு என்னை வெளிய அனுப்பிடுவாரு. கை பழகற வரைக்கும் சாயங்காலம் இங்கயே வர்றேன். கிண்டல் பண்ணுவியா?"

"பண்ணுவேன்" என்றார் அவர், சிறிது யோசித்து. "வாசிப்பை மட்டும்."

மறுநாள் பள்ளி விட்டதும் வந்தாள். ஒரே வரியை நாற்பது தடவை தப்பாக வாசித்தாள். மில்லி பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது கிட்டாருக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் தரப்பில் சொல்லியாக வேண்டும்.