பிளாப்பியில் வைத்த சந்தனம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பத்தாவது வரை படிப்பு, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் பேச வேண்டியதில்லை. முதலாளி எழுதிய தாளை என் மேஜையில் வைப்பார். அடித்து அவர் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவேன். ஆறு வருடத்தில் நான் அவரிடம் பேசியது பெரும்பாலும் ‘சரிங்க’, ‘ஆச்சுங்க’ என்ற இரண்டு சொற்கள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளில் கம்ப்யூட்டர் வந்தது. பூட்டிக் கொடுக்க வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஆபீஸ் மூலையில் பிளைவுட் வைத்து அடைத்த அறைக்குள் பஞ்சுத்தூசி வரக்கூடாது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டச் சொன்னார். செருப்பை வெளியே விடச் சொன்னார். ஒயர்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றும் அதனதன் துளையில்தான் நுழையும், தப்பாக மாட்ட முடியாது என்றார். தப்புச் செய்யவே முடியாத ஒரு மெஷின் என்று நினைத்து நான் நிம்மதியடைந்தேன்.

முன்பக்கம் இரண்டு வாய்கள். மேலே புரோகிராம் இருக்கும் பிளாப்பி. கீழே, நாம் அடிப்பதைச் சேர்த்து வைக்கும் பிளாப்பி. சதுரமான கறுப்பு உறைக்குள் மெல்லிய தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதன் வழியே தகடு மினுங்கும்.

“பெட்டியெல்லாம் சும்மா கூடு மேடம். உசிரு இதுலதான் இருக்கு” என்று கீழ் பிளாப்பியைத் தூக்கிக் காட்டினார். அதிலிருப்பதை இன்னொரு பிளாப்பியில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அதையும் செய்து காட்டினார். “புரிஞ்சுதா?” என்றார். தலையாட்டினேன். திரும்பக் காட்டச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது, ராஜபாளையத்தில் தான் வைக்கிற முதல் மெஷின் இது என்றார். இங்கே நல்லபடியாக ஓடினால் மற்ற மில்காரர்களும் கேட்பார்கள், கம்பெனியில் தன்னை நிரந்தரமாக்குவார்கள். “பாத்துக்கோங்க மேடம்” என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

தூசிக்காக மெஷினுக்கு நானே ஓர் உறை தைத்தேன். கைக்குக் கிடைத்தது எங்கள் மில் துணிதான். பேக்கிங்கில் வேலை பார்க்கும் தேவதானத்து அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, வந்த வாரத்துலயே கட்டுப் போட்டுட்டியே. அடி எங்க, மண்டையிலயா?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உறையை மட்டும் எடுக்கவில்லை.

அந்தத் திரையில் பச்சை எழுத்துகளை அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. டைப்ரைட்டரில் தப்பை அழித்தால் தாள் தேய்ந்து தழும்பு தெரியும். இதில் தப்பு, தடமில்லாமல் போய்விடும். ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் பத்துத் தடவை மனசுக்குள் அடித்து அழிக்கிறவள் நான். எனக்காகவே செய்ததுபோல் இருந்தது.

துணிப்பெட்டிகள் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர், துணியின் அகலம், நீளம், ரோல் எத்தனை என்று ஒரு பட்டியல் கூடவே போக வேண்டும். இரண்டு மாதமாக நான் அடித்த பட்டியல் அந்த ஒரே பிளாப்பியில் இருந்தது. லாரி விஜயதசமிக்கு மறுநாள் வருவதாக ஏற்பாடு.

ஆயுதபூஜை அன்று தறிகளுக்கும் கத்திரிகளுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்து முடித்த முதலாளி, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “ஒன் மெஷினுக்கு நீயே வச்சிரும்மா.” திரைக்கு வைத்தேன், பெட்டிக்கு வைத்தேன். அப்போதுதான் உசிரு ஞாபகம் வந்தது. கூட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு உசிரைச் சும்மா விடுவதா? பிளாப்பியை எடுத்தேன். அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அந்தத் திறப்புதான் என்று பட்டது. மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் பிளாப்பியை உள்ளே போட்டதும் கரகரவென்று சத்தம். தகட்டைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தேன். மஞ்சள், வட்டமாக இன்னும் பரவியது. மறுபடி போட்டேன். அதே சத்தம், அதே வரி. “படிக்க மாட்டேங்குதுங்க” என்று மட்டும் போய்ச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

முதலாளி மதுரைக்குப் போன் போட்டார். பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

“என்னய்யா சாமான் தந்திருக்கீரு? நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போயிரும். இந்த ஊர்ல ஒரு மில்லு உம்மகிட்ட வாங்காது, நான் சொல்லிருவேன்.”

என் நாற்காலிக்கும் அவர் மேஜைக்கும் பத்தடி இருக்காது. நான் எழுந்திருக்கவில்லை. கூச்சம் என்பது யாருக்கும் தொந்தரவில்லாத குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் வாயை மூடி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த மனிதருடைய வேலை போய்க்கொண்டிருந்தது.

வாய் வரவில்லை. பழைய தமிழ் டைப்ரைட்டரின் மூடியைக் கழற்றி அடித்தேன்: ‘ஐயா, பிளாப்பியில் சந்தனம் வைத்தது நான். மெஷின்மேல் குற்றமில்லை. பூட்டியவர்மேலும் இல்லை.’ வழக்கம்போல அவர் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“நில்லும்மா.” படித்தார். பிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இங்கயா வச்ச?”

“ஆமாங்க.”

“பூசைக்கு வச்சத நான் என்ன சொல்ல? ஆனா அந்த ஆள வஞ்சது வஞ்சதுதான.” மறுபடி போன் போட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். “இதையும் டைப் அடிச்சா அனுப்புவ? நீயே சொல்லு.”

அதற்கு முன் நான் போனில் பேசியதில்லை. சொன்னேன். 

“எந்த எடத்துல மேடம்?”

“அந்தத் திறப்புல. சந்தனமும் குங்குமமும்.”

“குங்குமமுமா?” என்றார். பிறகு பெருமூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். “உசிரு கிசிருன்னு சொன்னது நான்தான. நகல் இருக்குல்ல?”

“எடுக்கலைங்க. நீங்க காட்டினது மறந்துபோச்சு.”

“கேட்டிருக்கலாமே?”

 வேறு பிளாப்பி எதையும் போட வேண்டாம், நாளைக்கு வந்து உள்ளே துடைத்துத் தருகிறேன் என்றார். முதலாளி ரிசீவரை வாங்கி, “சரே, சரே, மனசுல வச்சுக்காதீரும்” என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் இறங்கினால்தான் அந்த ‘சரே’ வரும்.

நல்லவேளையாகப் பெட்டிகள் குடோனில் இருந்தன. எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக வாசிக்கக் கேட்டு எழுதினால் பட்டியல் ஆகிவிடும். பேக்கிங் பெண்களிடம் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

“ஏட்டி, வாய்க்குள்ளயே பேசுனா பெட்டிக்கா கேக்கும்?” என்றார் தேவதானத்து அக்கா.

கத்திச் சொன்னேன். சந்தனம் வைத்ததையும் சேர்த்து. சிரித்து முடித்துவிட்டு அவர்கள் பெட்டி பெட்டியாக வாசித்தார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு முன் ஆங்கில டைப்ரைட்டரில் பட்டியல் முடிந்தது. மெஷின் திரும்பிப் போகவில்லை.

அடுத்த வருடம் ஆயுதபூஜைக்கு முந்தின வாரம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வேறொரு மில்லில் டைப்பிஸ்ட் என்று தெரிந்தது. அங்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், அதே ஆள்தான் பூட்டினாராம்.

“பொட்டு வச்சா பெட்டிக்கு மட்டும் வைங்க, பிளாப்பியத் தொடாதீகன்னு வந்ததும் வராததுமாச் சொல்லுதாரு. எவளோ ஒருத்தி உள்ளயே வச்சாளாம்” என்று சிரித்தாள். “எந்த மில்லுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்காரு.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அது நான்தான்” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.  பிறகு மெதுவாகக் கேட்டாள். “அந்த நகல் எடுக்கது எப்படிக்கா? ரெண்டு தடவ காட்டுனாரு. மூணாவது தடவ கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

எழுதித் தரலாம் என்று பையில் பேனாவைத் தேடினேன். கிடைத்தது. ஆனால் அதை வெளியே எடுக்காமல், வாயாலேயே சொல்ல ஆரம்பித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி வரும்வரை சொன்னேன்.