கை வந்தால்தான் துளை

போலிங் பந்தில் விரல் துளை போடுவது என் தொழில். மன்னார் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பந்தை உருட்ட ஓர் இடம் கிடையாது. கிரிக்கெட் பந்தல்ல, உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்தும் கனத்த பந்து. கட்டாரில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் ஆடவருகிறவர்களுக்குக் காலில் போடும் சப்பாத்துக் கொடுக்கும் வேலைக்குப் போய், ஆறு வருடத்தில் துளைபோடப் படித்து, மெஷினோடு என் ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்தேன். கொழும்புக் கடையொன்று பந்துகளை பஸ்ஸில் அனுப்பும், நான் துளைத்து பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவேன். ஊருக்கு விளங்காத தொழில் செய்து பேச்சு வாங்கும் சகோதரங்களே, மிச்சம் உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

பாரம்

பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை கடலுக்குப் போகிறவர். மூன்று ஓட்டை போட நாள் முழுக்க என்ன அளவெடுப்பு என்று நக்கலாகக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பந்துக்குள்ளே கனமான கரு ஒன்று இருக்கிறது, துளைகளை அதிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பந்து முந்தித் திரும்பும், பிந்தித் திரும்பும், அல்லது நேரே போகும் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"பாரத்தை எங்க வைச்சா வள்ளம் எங்க இழுக்குமெண்டு எங்களுக்குத் தெரியாதே, பிள்ளை? இதைப் படிக்கவோ கட்டார் மட்டும் போனனீ?"

நாலாவது ஓட்டை

ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் பக்கவாட்டில் இன்னொரு துளை கேட்டார். அந்தப் பக்கத்து நிறையைக் குறைத்தால் பந்து நன்றாகத் திரும்புமாம். முந்தி அப்படிப் போடலாம். இப்போது விரல் போகாத துளை பந்தில் இருந்தால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். மூன்று நாள் போனில் சண்டை பிடித்தார். நான் மசியவில்லை. விரல் துளைகளையே இடம் மாற்றி, அவர் கேட்ட திருப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் உருட்டிப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்.

"பந்து நல்லாத்தான் போகுது. ஆனா ஓட்டை ஒண்டு குறைஞ்ச மாதிரி மனதுக்குக் கிடக்கு."

காகிதக் கை

விளையாடுகிறவர்கள் கொழும்பில், நான் இங்கே. ஆகவே கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவார்கள். ஷமீலா என்ற பிள்ளை தன் இடங்கையை மல்லாத்தி வைத்து வரைந்திருக்கிறாள். நான் அதைக் கவிழ்த்த வலங்கை என்று நினைத்துத் துளைத்துவிட்டேன். புதுப் பந்து பாழ். கேட்காமல் துளைத்தது என் குற்றம்தான்.

அன்றோடு தாளை நிறுத்தினேன். கை நேரில் வரவேண்டும் என்றேன். தாளில் செய்யாவிட்டால் பந்து அனுப்பமாட்டேன் என்றார் கொழும்புக் கடைக்காரர். அவர் அனுப்பாவிட்டால் என் கடையை மூடவேண்டும், மூடினால் மறுபடியும் கட்டார்தான். போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு பந்துக்காக ஆர், தங்கச்சி, மன்னார் மட்டும் பஸ் ஏறுவினம்?"

இடங்கை

இரண்டு மாதம் ஒரு பந்தும் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஷமீலாவே பழைய பந்தொன்றும் புதுப் பந்தொன்றுமாக வந்து இறங்கினாள். அடுத்த கிழமை தேசிய அணிக்கு ஆள் தெரிவு. பந்து மிகக் கூடுதலாகத் திரும்பும்படி துளைக்கவேண்டும் என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

கொட்டிலில் தரைக்குப் போடும் லினோலியம் விரித்து, போலிங் தளத்தில் எண்ணெய் பூசியிருப்பதுபோலத் தேங்காயெண்ணெய் பூசி, பழைய பந்தை உருட்டச் சொன்னேன். பந்தில் படிந்த எண்ணெய் வளையங்களைப் பார்த்தால் கை எப்படிச் சுழற்றுகிறது என்று தெரிந்துவிடும். அவள் மணிக்கட்டே போதுமான அளவு திருப்புகிறது. பயிற்சியாளர் சொன்னபடி துளைத்தால் பந்து பாதியிலேயே ஓரத்துக்குப் போய்விடும். அவர் எழுதிய தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு, பந்து அடங்கிப் போகும்படி துளைகளைத் தள்ளிப் போட்டேன். கோச் ஏசுவாரே என்று கண்கலங்கினாள். பிழைத்தால் கடையை மூடுகிறேன் என்றேன், சும்மா சொல்லவில்லை. தெரிவு நடந்த அன்று பின்னேரம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"அக்கா, செலக்ட் ஆகிட்டேன். யார் துளைச்சதுன்னு கோச் கேட்டாரு. அவரையும் அங்க வரச் சொன்னேன், கையோட."

ஊருக்கு ஒவ்வாத தொழில் செய்கிறவர்களே, கடையை இடம் மாற்றாதீர்கள், பஸ் பந்துக்கு மட்டுமல்ல, வாடிக்கையாளருக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.