பேசாமல் பறித்த கீழாநெல்லி

பிள்ளைகளே, அல்சூர் ஏரிக்கரையில் நீங்கள் மிதித்துக்கொண்டு போகிற பூண்டுகளில் பாதி எங்கள் வீட்டு அடுப்பில் வெந்தவைதான். பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் ஒரே கூடையில் கலந்து வரும். கன்னடக்காரப் பெண்கள் அந்தக் கலவையைப் பெரகெ சொப்பு என்பார்கள். நாங்கள் சும்மா கீரை என்போம். நான் அதிகம் படித்தவனில்லை. எந்தச் செடி எதற்கு என்பது மட்டும் தெரியும், அதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் கீழாநெல்லியைப் பற்றிச் சொன்னால் ஒரு காலைப் பொழுதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பிரேசர் டவுன் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் காமாலை. கண்ணும் நகமும் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. அப்பாவின் அக்காவான அத்தை வந்து, கீழாநெல்லி பறித்துவரும்படி அம்மாவிடம் சொன்னாள். அப்பா வீட்டு ஆட்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. பறிக்கக் கிளம்பியதிலிருந்து நோயாளி முதல் மடக்குக் குடிக்கும்வரை பறிப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது.

“யாரு கூப்ட்டாலும் பேசாதே. பேசினா மருந்து செத்துப்போயிடும்,” என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பி, “கூடப் போறே இல்ல, ஒனக்கும் அதேதான்,” என்றாள்.

அம்மா பிறந்த வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டுக் கூடையை எடுத்தாள்.

கீழாநெல்லி முழங்கால் உயரம்கூட இருக்காது. இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் கடுகுபோலக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அம்மா ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்த்து வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார்.

அவர் அம்மாவின் அண்ணன். பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் என்னை உட்காரவைத்திருக்க வேண்டும். அவர் வர நேரமாயிற்று என்று அப்பா வேறொருவர் மடியில் வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

“இன்னாம்மா, கீரை பறிக்கிறியா? பக்கத்து வூட்ல சொன்னாங்க, இங்க இருக்கேன்னு.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“மாப்ளைக்கு ஒடம்பு சரியில்லையாமே. நான் ஊட்டுக்குள்ள வரலை. என்னை பஸ்ராவுக்குச் சண்டைக்கு அனுப்பறாங்க. இன்னிக்கே ரயிலு. அப்பால கப்பலு.”

அம்மா கூடையைக் காட்டினாள். வாயில் விரலை வைத்தாள்.

“பேசாதேங்கிறியா? கோவம் எனக்கில்ல இருக்கணும், ஒனக்கு எதுக்கு?” என்று சிரித்தார். பிறகு என்னிடம், “டேய் மருமவனே, நீயாவது பேசேண்டா. ஒங்கம்மா வாயில இன்னா, கொழுக்கட்டையா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மண் படிந்த கைகளைக் கூப்பினாள். கொஞ்சம் பொறு என்றுதான் அவள் சொல்ல நினைத்திருக்க வேண்டும். மாமா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கும்புடு போட்டு அனுப்பறியா? சரிம்மா. நல்லா இரு.”

என் தலையைத் தடவிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அம்மா அவர் பின்னாலேயே நாலடி போனாள். நின்றாள். திரும்பி வந்து மிச்சச் செடிகளைப் பிடுங்கினாள்.

வீட்டுக்கு வந்து, வேர் மண்ணைக் கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, மோரில் கலக்கி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா முகத்தைச் சுளித்து ஒரு மடக்கு விழுங்கியதும், “அண்ணன் ரயிலுக்குப் போவுது,” என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கி ஓடினாள்.

“புருஷன் கெடக்கிற கெடையில இவளுக்கு ரயில் பாக்கணுமாம்,” என்றாள் அத்தை.

அம்மா திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே ரயில் போய்விட்டது தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அம்மியைக் கழுவினாள். பேசலாம் என்று ஆன பிறகும் அம்மா ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா தேறினார். மருந்தாலா, உப்பில்லாப் பத்தியத்தாலா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. மாமா பஸ்ராவிலிருந்து திரும்பவில்லை. தான் ஏன் பேசவில்லை என்று அம்மா பிறகு பட்டாளத்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியது அவர் காதுக்கு எட்டியதா என்பதும் தெரியாது.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது. அந்த வயதில் பஸ்ரா என்பது கோலாருக்கு இந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊர் என்று நினைத்திருந்தேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரைக்குப் போனேன். மாமா நடந்து போன திசையைப் பார்த்து, “அம்மாவுக்குக் கோவம் இல்ல மாமா. மருந்துக்குத்தான் பேசல,” என்றேன். காதில் விழுந்திருக்காது என்று, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடியும் சொன்னேன்.